பூட்டியவர் வரட்டும்

டோரீன் லேனிக்குக்கு ஓர் இடத்தில் உட்கார வராது. பிறவியிலேயே அப்படி இல்லை, வேலை அப்படி ஆக்கிவிட்டது. இருபத்தொரு வருடம் பழுப்பு நிலக்கரிச் சுரங்கத்தில் பெல்ட் பார்த்தவள் அவள். கரியை அள்ளிக்கொண்டு ஓடும் ரப்பர் பெல்ட்டின் ஓரமாக ஒரு ஷிப்டுக்கு ஆறு தடவை நடக்க வேண்டும். நடந்துகொண்டே, உருளைகளின் சத்தத்தை வைத்து எது சூடேறுகிறது, எது இன்னும் இரண்டு நாளில் உயிரை விடும் என்று சொல்லிவிடுவாள். போன குளிர்காலத்தில் அந்தப் பெல்ட்டை நிறுத்தினார்கள். படுக்கையறை ஜன்னல் வரை கேட்டுக்கொண்டிருந்த உறுமல் அன்றோடு அடங்கியது. ஊரே நிம்மதியாகத் தூங்கியது. இவளுக்கு மட்டும் தூக்கம் போயிற்று.

வீட்டுக்குள்ளேயே நடப்பாள். சமையலறையிலிருந்து கூடம், கூடத்திலிருந்து சமையலறை. அவள் கணவன் ஹைகோ பஸ் ஓட்டுபவன், நாளெல்லாம் உட்கார்ந்தே பிழைப்பவன். அவனுக்கு இது வேடிக்கை.

"நீ நடக்கிற நடைக்குக் கால்ல ஒரு டைனமோ மாட்டிவிட்டா, நம்ம வீட்டுக்குக் கரண்டு பில்லே வராது" என்பான்.

அவன் விளையாட்டாகச் சொன்னதோ என்னவோ, அவள் உண்மையிலேயே கரண்டு பக்கம் போய்விட்டாள். கிழக்கு ஜெர்மனியின் கோட்புஸ் நகரத்துப் பயிற்சி மையத்தில் ஒன்பது மாதப் படிப்பு. வீட்டுக் கூரையில் சோலார் பேனல் பதிப்பது, வீட்டைச் சூடாக்கும் கேஸ் பாய்லரைக் கழற்றிவிட்டுக் கரண்டில் ஓடும் வெப்ப பம்ப் வைப்பது, பேட்டரி இணைப்பது. பயிற்சிக் கூடத்துக்கு உள்ளேயே ஒரு ஓட்டுக் கூரையைத் தரையோடு வைத்திருந்தார்கள். அதிலிருந்து விழுந்தால் கௌரவம் மட்டும்தான் அடிபடும். முதல் மாதம் எல்லாரும் அதன்மேல் பூனை மாதிரி தவழ்ந்தார்கள். டோரீன் மட்டும் நிமிர்ந்து நடந்தாள். பெல்ட்டின் மேல்பாலத்தில் பனியில் நடந்தவளுக்கு இதெல்லாம் ஒரு கூரையா!

எழுத்துத் தேர்வு முடிந்தது. செய்முறைத் தேர்வும் முடிந்தது. பாக்கி இருந்தது வாய்மொழித் தேர்வு ஒன்றுதான். அது வியாழக்கிழமை பிற்பகல். மூன்று வாரமாக அவள் வேலை பழகிவந்த சோலார் கடைக்குச் சொந்தக்காரன் ஃபால்க் பெட்ரிக், முப்பத்துநாலு வயதுக்காரன், அவளைவிடப் பத்து வயது இளையவன். அவன் சுற்றி வளைக்கவில்லை.

"சான்றிதழோட வா, திங்கக்கிழமையே வேலை. வேலை தெரியுதா, தெரியுது. ஆனா மெதுவா பண்றே. அத நான் பாத்துக்கறேன்" என்று சொல்லியிருந்தான்.

இன்னொரு பக்கம், வீட்டு ஃபிரிட்ஜ் கதவில் காந்தம் வைத்து ஒட்டிய ஒரு கடிதம். சுரங்க நிர்வாகம் எழுதியது. தகர்ப்புக் குழுவில் இடம் இருக்கிறது, பழைய சம்பளம், நான்கு வருட ஒப்பந்தம், வெள்ளிக்கிழமை பகல் பன்னிரண்டுக்குள் பதில் சொல்லவும். தகர்ப்பு என்றால் என்ன? அவள் இருபத்தொரு வருடம் காது கொடுத்துக் காப்பாற்றிய அதே பெல்ட்டைத் துண்டு துண்டாக வெட்டி லாரியில் ஏற்றுவது. நான்கு வருடம் கழித்து வெட்ட ஒன்றும் இருக்காது. அப்போது அவளுக்கு நாற்பத்தெட்டு. அந்த வயதில் யார் கூரைமேல் ஏற்றப் போகிறார்கள்?

ஆக, அவளுக்கு இந்தப் புது வேலைதான் வேண்டும். வேண்டும் என்றால் சும்மா இல்லை, பல் வலிக்கிற மாதிரி வேண்டும். ஆனால் வியாழக்கிழமை தேர்வில் சொதப்பினால் வெள்ளிக்கிழமை அந்தக் கடிதத்துக்குச் சரி என்று எழுதுவதைத் தவிர வழி இல்லை. ஒரு வாரமாக ஃபிரிட்ஜைத் திறக்கும்போதெல்லாம் அந்தக் கடிதத்தை முதலிலிருந்து படித்தாள். பசிக்காதபோதும் போய்த் திறந்தாள்.

ஃபால்க்கின் கடையில் மொத்தம் மூன்றே பேர். ஃபால்க், டிலோ, இப்போது டோரீன். டிலோ இருபத்தொன்பது வயது வாயாடி. அந்தக் கடையில் ஒரு வழக்கம் உண்டு. யார் தப்புச் செய்தாலும் வெள்ளிக்கிழமை ஒன்பது மணிச் சிற்றுண்டிக்கு அவர் கேக் கொண்டுவர வேண்டும். வேனின் பின்கதவு உட்புறத்தில் டிலோ சாக்பீஸால் கோடு போட்டு வைப்பான். டோரீன் பெயருக்கு நேரே இரண்டு கோடு. ஒன்று, ஸ்பானரைக் கூரைத் தண்ணீர்க் குழாய்க்குள் போட்டதற்கு. இன்னொன்று, பேனல் பெட்டிகளைப் பக்கத்து வீட்டு வாசலில் இறக்கியதற்கு. டிலோ பெயருக்கு நேரே பதினொன்று. இனி ஒன்று கூடினால் பன்னிரண்டு, பன்னிரண்டுக்குக் கிரீம் வைத்த பெரிய கேக் என்று ஃபால்க் தீர்ப்புச் சொல்லியிருந்தான்.

டிலோவுக்கு அவளிடம் பெரிய வேடிக்கை அவளுடைய பூட்டு. சிவப்பு நிறத்தில் கைக்கு அடக்கமான பூட்டு. அதில் அவள் பெயரும் படமும் உள்ள தகடு தொங்கும். சுரங்கத்தில் ஒவ்வொருவருக்கும் ஒன்று உண்டு. பெல்ட்டுக்கு அடியில் இறங்கப் போகிறவர் சுவிட்சை அணைத்துவிட்டுத் தன் பூட்டை அதில் மாட்டுவார். சாவி அவர் பையில் இருக்கும். பத்துப் பேர் இறங்கினால் பத்துப் பூட்டு. மாட்டியவரைத் தவிர வேறு யாரும் கழற்றக் கூடாது. மறந்துபோய் வீட்டுக்குப் போய்விட்டாலும் சரி, கல்யாண விருந்தில் இருந்தாலும் சரி, வண்டி அனுப்பிக் கூட்டி வருவார்கள். அப்படி மறக்கவும் முடியாது. வாசலில் ஒரு பலகை இருக்கும், ஒவ்வொரு பூட்டுக்கும் ஒரு கொக்கி. கொக்கி காலி என்றால் காவலாளி ஆளை வெளியே விடமாட்டான்.

ஃபால்க்கின் கடையில் பலகையும் இல்லை, கொக்கியும் இல்லை. மெயின் சுவிட்சை அணைப்பான். மேலே ஒரு துண்டு டேப் ஒட்டுவான். 'வேலை நடக்கிறது, போடாதே' என்று ஒரு ஸ்டிக்கர். அவ்வளவுதான்.

"மகாராணி பூட்டு போட்டாச்சு. மெயின் சுவிட்ச யாராச்சும் தூக்கிட்டுப் போயிடுவாங்களோ?" என்று டிலோ கேட்பான்.

"உன்ன மாதிரி ஆளு விரலு பட்டுடக் கூடாதுன்னு" என்பாள் டோரீன். டேப்பை நம்பி அவளால் ஒரு கம்பியைக்கூடத் தொட முடியாது. அவளும் முயன்று பார்த்தாள், பாதியில் எழுந்து போய்ப் பூட்டை மாட்டிவிட்டு வந்தாள்.

அந்த வாரம் வேலை யூரிஷ் அம்மாவின் வீட்டில். ஊர்க் கோடியில் செங்கல் வீடு. மார்லீஸ் யூரிஷ், எழுபத்தொரு வயது, தனி ஆள். அந்தக் காலத்தில் சுரங்கத்தில் எலக்ட்ரீஷியனாக இருந்தவர் என்று ஃபால்க் எச்சரித்திருந்தான். "கண்ணுல வெளக்கெண்ணெய் விட்டுக்கிட்டு பாக்கும் கிழவி, ஜாக்கிரதை" என்றான். அவன் சொன்னது சரிதான். முதல் நாளே அந்த அம்மா அவர்கள் பெட்டியில் இருந்த கருவிகளை ஒவ்வொன்றாக எடுத்துப் பார்த்தார். டோரீனின் பூட்டைப் பார்த்ததும் கை நின்றது.

"எந்தச் சுரங்கம்?"

"வடக்கு வயல். மூணாம் பெல்ட்."

"ம்" என்றார் யூரிஷ் அம்மா. பூட்டை இருந்த இடத்தில் வைத்துவிட்டுப் போய்விட்டார்.

புதன்கிழமை கேஸ் பாய்லரைக் கழற்றி எடுத்துப் போனார்கள். வியாழக்கிழமை பகல் பன்னிரண்டரைக்கு, மாடிப்படிக்கு அடியில் இருந்த மீட்டர் பெட்டியில் மெயின் சுவிட்சை அணைத்து டோரீன் தன் பூட்டை மாட்டினாள். வெப்ப பம்புக்கான புதுக் கேபிளை உள்ளே இழுத்து ஒவ்வொரு முனையாக முறுக்கினாள். அவளுக்கு அது பிடித்த வேலை. கடைசி முனையை முறுக்கிக்கொண்டிருந்தபோது ஃபால்க் வந்து கத்தினான்.

"ஏய், மணி ரெண்டாகப் போகுது! மூணு மணிக்குத் தேர்வு, இன்னும் இங்க என்ன குடைஞ்சிக்கிட்டிருக்கே? கெளம்பு கெளம்பு. மிச்சத்த நாங்க பாத்துக்கறோம். மூணரைக்குக் கரண்டு போட்டுட்டு நானும் போயிடுவேன்."

அவளுக்குக் கையும் ஓடவில்லை காலும் ஓடவில்லை. கையைத் துடைத்தாள், பயிற்சிக் குறிப்பேட்டை எடுத்தாள், காருக்கு ஓடினாள். வழியெல்லாம் ஐந்து விதிகளை வாய்க்குள் சொல்லிக்கொண்டே போனாள். அணை. மறுபடி யாரும் போடாதபடி தடு. மின்சாரம் இல்லை என்று சோதித்துப் பார். எர்த்தோடு சேர். பக்கத்தில் உயிரோடு இருக்கும் கம்பியை மூடு. சுரங்கத்துப் பலகை அங்கே இருந்திருந்தால் காலிக் கொக்கி அவளைப் பார்த்துப் பல்லிளித்திருக்கும். இங்கே பல்லிளிக்க ஒன்றும் இல்லை.

பயிற்சி மையத்தில் எல்லார் செல்போனையும் ஒரு கூடையில் வாங்கி வைத்தார்கள். முதலில் போனவர் வெளியே வந்து கேள்வியைக் கசியவிட்டுவிடக் கூடாதே. பெயர் வரிசைப்படி கூப்பிட்டதில் லேனிக் மூன்றாவது. நடையில் நாற்காலிகள் போட்டிருந்தன. எல்லாரும் உட்கார்ந்தார்கள். டோரீன் நடந்தாள். தண்ணீர் மெஷின் வரை பதினெட்டு அடி, திரும்பி வரப் பதினெட்டு அடி.

"அம்மா தாயே, கொஞ்சம் உக்காருங்க, எனக்குத் தலை சுத்துது" என்று கெஞ்சினான், முன்னால் பேக்கரியில் இருந்து இந்தப் படிப்புக்கு வந்த ஒருவன்.

உட்கார்ந்தாள். இரண்டு நிமிடத்தில் எழுந்தாள். வேலை பேன்ட்டின் பையில் கையை விட்டு அங்கே கிடந்த எதையோ உருட்டிக்கொண்டே நடந்தாள். சின்னதாக, சில்லென்று இருந்தது. விரலுக்கு அது பழக்கமான பொருள். அதனால் மூளை அதை விசாரிக்கவில்லை.

ஐந்து மணிக்குப் பத்து நிமிடம் இருக்கும்போது கூப்பிட்டார்கள். மேசைக்குப் பின்னால் பாவ்லிக் என்ற தேர்வாளர், பக்கத்தில் குறிப்பு எழுத ஒரு பெண். பாவ்லிக் நல்ல மனிதர். முதலில் எளிதாகத்தான் ஆரம்பித்தார்.

"ஐந்து பாதுகாப்பு விதி சொல்லுங்க, லேனிக்."

மழை மாதிரி கொட்டினாள்.

"ரெண்டாவது விதிய எடுத்துக்கலாம். மறுபடி யாரும் போடாம எப்படித் தடுப்பீங்க?"

அவளுக்கு முகம் மலர்ந்தது. இது அவள் ஊர்க் கேள்வி. "டேப் ஒட்டலாம், ஸ்டிக்கர் ஒட்டலாம். ஆனா அதையெல்லாம் நம்பினா எனக்குத் தூக்கம் வராது. நான் பூட்டுத்தான் போடுவேன். என் பேர் எழுதின பூட்டு."

"சாவி யார்கிட்ட இருக்கும்?"

"பூட்டினவங்ககிட்ட மட்டும். இதோ, எப்பவும் என் பையில…"

கை பையிலிருந்து வெளியே வந்தது. உள்ளங்கையில் சாவி.

பாவ்லிக் சிரித்தபடி தலையாட்டினார். பக்கத்துப் பெண்ணும் ஏதோ நல்லதாக எழுதினாள். டோரீனுக்கு மட்டும் யூரிஷ் அம்மாவின் மீட்டர் பெட்டியில் தொங்கும் பூட்டு கண்முன் வந்தது. கேஸ் பாய்லர் இல்லாத வீடு, நவம்பர் மாதம், எழுபத்தொரு வயது.

"எனக்கு ஒரு போன் பண்ணணும்" என்றாள். "ஒரே ஒரு போன். கெஞ்சிக் கேக்கறேன்."

அவள் குரலில் என்ன இருந்ததோ, பாவ்லிக் தானே எழுந்து போய்க் கூடையைக் கொண்டுவந்தார். பத்தொன்பது தவறிய அழைப்புகள். எல்லாம் ஃபால்க். அவள் கூப்பிட்டதும் முதல் மணி அடித்து முடிவதற்குள் எடுத்தான்.

"எங்கடி போய்த் தொலைஞ்சே! மையத்துக்குப் போன் போட்டா மெஷின் பேசுது. உன் பூட்டு இங்க தொங்குது, வீடே இருட்டா கெடக்குது!"

"வெட்டிடு ஃபால்க். வேன்ல கட்டர் இருக்குல்ல. வெட்டிடு."

"வெட்ட விட்டாத்தானே! நான் கட்டர எடுத்துட்டு வரேன், இந்தம்மா ஒரு நாற்காலியக் கொண்டாந்து மீட்டர் பெட்டி முன்னால போட்டு உக்காந்துடுச்சு. பூட்டினவங்க வரட்டும்ங்குது. ஒன்றரை மணி நேரமா அதே பேச்சு. பக்கத்து வீட்டுக்காவது போய் உக்காருங்கன்னா அதுக்கும் போகமாட்டேங்குது. உதடு நீலமாயிடுச்சு டோரீன். நான் என்ன, தூக்கியா போட முடியும்?"

டோரீன் போனை மேசைமேல் வைத்தாள். பாவ்லிக் எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டுதான் இருந்தார்.

"நீங்க படிப்புக்காகப் போட்டுக் குடுத்த திட்டத்தப் பத்தி இன்னும் நாப்பது நிமிஷம் பேசணும்" என்றார் மெதுவாக. "நடுவுல எழுந்து போனீங்கன்னா, தேர்வு முடிக்கலன்னுதான் நான் எழுத முடியும். என் கையும் கட்டித்தான் இருக்கு. அடுத்தது மார்ச்ல."

நாற்பது நிமிடம் இங்கே, நாற்பது நிமிடம் சாலையில். ஃபால்க்குக்குச் சான்றிதழ் வேண்டும். நாளைப் பகல் பன்னிரண்டு மணி. மூளை இந்தக் கணக்கை எல்லாம் ஒழுங்காகத்தான் போட ஆரம்பித்தது. அது போட்டு முடிப்பதற்குள் கால் எழுந்துவிட்டது. அந்தக் கால்கள் என்றைக்கு அவள் பேச்சைக் கேட்டன?

"மன்னிச்சிடுங்க. என் பூட்டு அங்க இருக்கு" என்றாள்.

சாலையில் அவள் அழுதாள். சத்தமாக, மூக்கைப் புறங்கையால் துடைத்துக்கொண்டு, தன்னைத் தானே கெட்ட வார்த்தையில் திட்டிக்கொண்டு அழுதாள். ஒன்பது மாதம். தரையில் வைத்த கூரையில் ஆரம்பித்து, ராத்திரி சமையலறையில் கம்பி நிறங்களை மனப்பாடம் செய்து, ஹைகோவின் கேலியை எல்லாம் தாங்கி, கடைசியில் ஒரு சாவி. முன்னால் போன லாரி நாற்பதில் ஊர்ந்தது. அவள் ஸ்டியரிங்கைக் குத்தினாள்.

யூரிஷ் அம்மாவின் வீட்டுக்குள் நுழைந்தபோது மூச்சு புகையாக வந்தது. வேலையாட்கள் வைக்கும் பேட்டரி விளக்கு ஒன்று தரையில் எரிந்துகொண்டிருந்தது. அந்த வெளிச்சத்தில் மீட்டர் பெட்டி, அதற்கு முன்னால் நாற்காலி, நாற்காலியில் குளிர்காலக் கோட்டும் கம்பளித் தொப்பியுமாக யூரிஷ் அம்மா. மடியில் கட்டர். ஃபால்க்கிடமிருந்து அதையும் பறித்து வைத்துக்கொண்டிருந்தார்.

"அம்மா, என் தப்பு. எப்படி மன்னிப்புக் கேக்கறதுன்னே…"

"அதெல்லாம் அப்புறம் கேட்டுக்கோ" என்றார் யூரிஷ் அம்மா. பல் கிட்டித்திருந்தது, ஆனால் குரல் நடுங்கவில்லை. "முதல்ல ஆளுங்களக் கூப்பிடு."

ஃபால்க்குக்குப் புரியவில்லை. டோரீனுக்குப் புரிந்தது. சுரங்கத்தில் பூட்டைக் கழற்றும் முன் கழற்றுபவர் எல்லார் பெயரையும் சொல்லிக் கூப்பிட வேண்டும். அவரவர் தன் வாயால் பதில் சொல்ல வேண்டும். ஒருவருக்காக இன்னொருவர் சொல்லக் கூடாது. இந்த மூன்று வாரத்தில் ஃபால்க்கின் கடையில் அதைச் செய்ய அவளுக்கே வெட்கமாக இருந்தது. சிரிப்பார்கள் என்று விட்டுவிட்டாள். இன்று அவளுக்கு இழக்க ஒன்றும் பாக்கி இல்லை.

"ஃபால்க்!" என்று கூப்பிட்டாள்.

"ஐயோ, உன் எதிர்லதான நிக்கறேன்! சீக்கிரம் தெற."

"யூரிஷ் அம்மா!"

"இருக்கேன்."

"டிலோ!"

பதில் இல்லை.

"அவன் அஞ்சு மணி பஸ்ஸுக்குப் போயிட்டான்" என்றான் ஃபால்க். "போறேன்னு சொன்னான். தெற, டோரீன், சாமி சத்தியமா என்னால முடியல."

"அவன் சொல்லட்டும்."

"இல்லாதவன் எப்படிடி சொல்லுவான்?"

"போன் போடு."

ஃபால்க் பல்லைக் கடித்துக்கொண்டு போன் போட்டான். மணி அடித்தது. வீட்டு வாசலில் நின்ற வேனுக்குள்ளிருந்து அடித்தது.

மூன்று பேரும் ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள். செல்போனை விட்டுவிட்டு டிலோ பஸ் ஏறுவானா? கழிப்பறைக்குப் போனாலும் அதைக் கையில் வைத்துக்கொண்டு போகிறவன் அவன்.

டோரீன் வெளியே ஓடினாள். வீட்டைச் சுற்றிக்கொண்டு பின்பக்கம் போனாள். காற்று முகத்தில் அறைந்தது. அங்கே சுவரோரமாக வெப்ப பம்பின் வெளிப்பெட்டி. அதன் பக்கவாட்டு மூடி கழன்று புல்லில் கிடந்தது. நெற்றி விளக்கைக் கட்டிக்கொண்டு, கம்பளித் தொப்பியைக் காது வரை இழுத்துவிட்டுக்கொண்டு டிலோ முழங்காலில் நின்றான். இரண்டு கையும் பெட்டிக்கு உள்ளே, மெயின் லைன் வந்து சேரும் முனைகளின் மேல். வாய்க்குள் ஏதோ பாட்டு.

அவள் அவன் தோளைத் தொட்டதும் துள்ளி விழுந்தான்.

"அட, மகாராணி வந்தாச்சா! பாஸ்?"

"பாஸாவது மண்ணாவது. இங்க என்னடா பண்றே?"

அவன் முகம் சுருங்கியது. பின்னால் ஃபால்க் வந்து நிற்பதைப் பார்த்ததும் இன்னும் சுருங்கியது.

"மத்தியானம் ஒரு திருகாணிய சரியா முறுக்கலையோன்னு ஒரு சந்தேகம்" என்றான். "சொன்னா பன்னெண்டாவது கோடு போட்டுடுவீங்க. கிரீம் கேக்கு. அதான், இங்கதான் எல்லாரும் பூட்டுக்காக அடிச்சிக்கிட்டு நிக்கறீங்களே, சத்தம் போடாம முடிச்சிடலாம்னு…"

ஃபால்க்கின் கை காற்றில் எதையோ பிடிக்கப் போனது போலத் தூக்கியபடி நின்றது. பிறகு வீட்டுச் சுவரில் சாய்ந்து அப்படியே குத்துக்காலிட்டு உட்கார்ந்தான். நாற்காலியில் இருந்த கிழவியின் கையில் கட்டர் இல்லாமல் தன் கையில் இருந்திருந்தால் என்ன ஆகியிருக்கும் என்று அவன் நினைத்துப் பார்த்துவிட்டான். டோரீனுக்கும் அதே நினைப்புத்தான்.

டிலோ திருகாணியை முறுக்கிவிட்டுக் கையை வெளியே எடுத்தான். மூடியை மாட்டினான். மூன்று பேரும் உள்ளே போனார்கள். டோரீன் மறுபடி முதலிலிருந்து கூப்பிட்டாள். ஃபால்க் பெயருக்கு "இருக்கேன்" என்று ஒழுங்காகப் பதில் வந்தது. டிலோ பெயருக்கும் வந்தது, பள்ளிக்கூடப் பையன் குரலில். அப்புறம்தான் சாவியைப் போட்டாள். பூட்டு கழன்றது. மெயின் சுவிட்ச் மேலே போனதும் வீடு முழுக்க விளக்கு எரிந்தது. பின்பக்கத்தில் விசிறி மெல்லச் சுற்ற ஆரம்பித்தது. அவள் தன்னையறியாமல் காதைத் தீட்டிக் கேட்டாள். நல்ல சத்தம். ஒரு பிசிறும் இல்லை.

சமையலறையில் யூரிஷ் அம்மா காபி போட்டார். வேண்டாம் என்று சொல்ல யாருக்கும் துணிவில்லை. கோப்பையை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு ஃபால்க் கேட்டான்.

"அவன் பின்னால இருக்கான்னு உங்களுக்குத் தெரியுமா?"

"எனக்கென்ன தெரியும்? நான் நாற்காலிய விட்டு எந்திரிச்சாத்தானே."

"அப்புறம் ஏன் வெட்ட விடல?"

யூரிஷ் அம்மா சர்க்கரையைக் கலக்கினார். வேண்டிய அளவுக்கு மேலேயே கலக்கினார்.

"ஒரு தடவ வெட்டியிருக்கேன்" என்றார். "எண்பத்தஞ்சு ஜனவரி. கரி உறைஞ்சு கெடக்குது, பெல்ட் நிக்குது, மேல இருந்து போன் மேல போன். ஒரு பூட்டு தொங்கிச்சு. பூட்டின ஆளு வீட்டுக்குப் போயிட்டான்னு சொன்னாங்க. நான்தான் வெட்டினேன். நான்தான் போட்டேன்." கரண்டியைத் தட்டில் வைத்தார். "அவரு வலது கை போச்சு. உயிரோடதான் இருக்காரு. ஞாயித்துக்கிழமை ஞாயித்துக்கிழமை போய்ப் பாத்துட்டு வருவேன். ஒரு வார்த்தை என்னத் திட்டினதில்ல. திட்டியிருந்தா நல்லாயிருந்திருக்கும்."

டிலோ தன் இரண்டு கையையும் மேசைக்கு அடியில் இழுத்துக்கொண்டான்.

வீட்டில் ஹைகோ உருளைக்கிழங்கு வேகவைத்து, தயிர்க்கட்டியும் ஆளிவிதை எண்ணெயும் எடுத்து வைத்திருந்தான். தேர்வு என்ன ஆச்சு என்று கேட்டான். சொன்னாள். அவன் கேலி பேசவில்லை. எழுந்து போய் ஃபிரிட்ஜிலிருந்து கடிதத்தை எடுத்து அவள் தட்டுக்குப் பக்கத்தில் வைத்தான், மேலே ஒரு பேனாவும் வைத்தான். அவள் அதில் கையெழுத்துப் போட்டாள். காலையில் போகிற வழியில் சுரங்க அலுவலகத்தில் கொடுத்துவிடலாம் என்று ஜாக்கெட்டுக்குள் செருகிக்கொண்டாள். அன்று ராத்திரி நடக்கக்கூட இல்லை. படுத்துக்கொண்டு கூரையையே பார்த்தாள்.

காலையில் சுரங்க அலுவலகம் வந்தது, போனது. அவள் காரை நிறுத்தவில்லை. பன்னிரண்டு மணி வரை நேரம் இருக்கிறதே என்று தனக்குத் தானே சமாதானம் சொல்லிக்கொண்டாள். உண்மையில் அவள் கடைசியாக ஒரு தடவை கூரை ஏற ஆசைப்பட்டாள்.

யூரிஷ் அம்மா வீட்டில் மிச்ச வேலை கொஞ்சம் இருந்தது. ஒன்பது மணிச் சிற்றுண்டிக்கு வேனின் பின்கதவைத் திறந்தார்கள். டிலோ ஒரு பெரிய பெட்டியோடு வந்தான். கிரீம் கேக். யாரும் கேட்கவில்லை, அவனே வாங்கி வந்திருந்தான். பன்னிரண்டாவது கோட்டைத் தானே போட்டுவிடலாம் என்று சாக்பீஸை எடுத்தபோதுதான் பார்த்தான். கதவில் ஒரு கோடும் இல்லை. ஈரத் துணியால் யாரோ அழுத்தித் துடைத்திருந்தார்கள்.

"இனிமே தப்புப் பண்ணினவன் கேக்கு வாங்க வேணாம். சொல்லாம மறைச்சவன்தான் வாங்கணும்" என்றபடி ஃபால்க் வந்தான். கையில் கடைப் பை. கடை திறந்ததும் முதல் ஆளாகப் போயிருக்க வேண்டும். பைக்குள்ளிருந்து ஒரு சிவப்புப் பூட்டை எடுத்து டிலோவிடம் கொடுத்தான். இன்னொன்றை எடுத்துத் தன் பெல்ட்டில் மாட்டிக்கொண்டான். பையைச் சுருட்டிக் குப்பையில் போட்டான்.

இரண்டுதான்.

டோரீன் கேக்கைப் பார்த்தாள். சரி, அவன் செய்வதில் நியாயம் உண்டு, சான்றிதழ் இல்லாதவளை வைத்துக்கொண்டு அவன் என்ன செய்வான் என்று மனசுக்குள் சொல்லிக்கொண்டாள். ஆனால் வாய் அவளை மீறிக் கேட்டுவிட்டது.

"எனக்கு?"

ஃபால்க் அவளை ஒரு மாதிரி பார்த்தான்.

"உனக்கெதுக்கு? உங்கிட்டத்தான் இருக்கே" என்றான். கேக்கை வெட்டக் கத்தியைத் தேடிக்கொண்டே சொன்னான்: "மார்ச் வரைக்கும் உதவியாளர்னுதான் எழுத முடியும். அதுக்கப்புறம் மாத்திக்கலாம். ஆனா ஒண்ணு, மார்ச்ல தேர்வுக்குப் போறப்ப அந்தச் சாவிய எங்கிட்ட குடுத்துட்டுப் போ."

"சாவிய யார்கிட்டயும் குடுக்க முடியாது" என்றாள் டோரீன்.

"தெரியும்டி" என்றான் ஃபால்க். "சும்மா கேட்டுப் பாத்தேன்."

டிலோ வாய் நிறையக் கிரீமோடு சிரித்தான். டோரீனுக்குக் கண் நிறைந்துவிட்டது, அதை அவள் மறைக்கவும் இல்லை. ஜாக்கெட்டுக்குள்ளிருந்த கடிதத்தை எடுத்து நான்காக மடித்தாள். ஆடிக்கொண்டிருந்த ஏணியின் ஒரு காலுக்கு அடியில் அதைச் செருகி அழுத்திப் பார்த்தாள். ஏணி ஆடவில்லை. பிறகு வேனின் விளிம்பில் உட்கார்ந்து தன் துண்டுக் கேக்கைத் தின்றாள். முழுவதும் தின்று முடிக்கும் வரை எழுந்திருக்கவில்லை.